பகல் கணக்கு

வடக்கு பார்த்த கூரை, அதிர்ஷ்டம்தான் என்றான் ஸ்தவ்ரோஸ்.
இந்தத் தெற்கு மூலையில்
சூரியன் வடக்கே சாய்ந்துதான் நடக்கும்.
பதினாறு தகடுகள்.
ஏணி உரசிய இடத்தில் தகரத்தில் இன்னும் ஒரு கீறல்.
"இனி பில் வராதா?" என்று க்ரேம் கேட்டான்.
"வரும். இளைத்து வரும்."

இளைத்துத்தான் வந்தது,
நான் நினைத்த அளவுக்கு இல்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன்.
தினசரிக் கட்டணம் என்று ஒன்று.
ஒரு விளக்கும் போடாமல்
வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும்
வாசல்வரை கம்பி வந்து நிற்பதற்கு வாடகை.
எவ்வளவு வெயிலடித்தாலும் அதில் தள்ளுபடி கிடையாது.
அதற்குக் கீழே, நாங்கள் விற்றது:
ஆளில்லாத வீட்டின் கூரை
பகலெல்லாம் காய்ந்து சேர்த்ததெல்லாம்
தெருவுக்குப் போயிருக்கிறது, அடிமாட்டு விலைக்கு.
இருட்டியபின் அதே கம்பி வழியே
திரும்பி வந்ததற்கு ஆறு மடங்கு.

காலையில் தக்காளியைக் கூடையோடு கொடுத்துவிட்டு
மாலையில் குழம்புக்கு
அதே கடையில் கிலோ விலை கேட்டு நிற்கிற மாதிரி.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
பாட்டு ஓடி முடிந்ததும் ஒரு பெண் சொன்னாள்:
"பகலில் செலவழியுங்கள்."
பகலில் யார் இருக்கிறார்கள் இங்கே?
நான் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறேன்.
க்ரேம் காளான் கொட்டகையில்.
வெளிச்சம் தேவைப்படாத பயிர்;
நெற்றியில் கட்டிய விளக்கோடு பறிப்பான்.
வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது
கண்ணைச் சுருக்குவான், பூனைக்குட்டி போல.

ஒரு டைமர் வாங்கினேன்.
வெயிலுள்ள போதே துவைத்துக்கொள் என்று எழுதி
ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.
வெந்நீர்த் தொட்டி பன்னிரண்டுக்கு,
துணி ஒரு மணிக்கு.
யாருமில்லாத வீட்டில் இயந்திரங்கள்
தாமாகவே எழுந்து வேலை செய்தன.

ஜூலை பில் கொஞ்சம் சதை போட்டு வந்தது.
எதிர்பார்த்ததுதான்.
முர்ரே நதியின் மூடுபனி
பத்து மணிவரை, சில நாள் பகல் முழுக்க,
கூரைமேல் படுத்துக் கிடந்த குளிர்காலம்.
என் டைமரின் சாமர்த்தியத்தைப் பார்க்கத்தான்
ஸ்தவ்ரோஸ் ஏற்றிக் கொடுத்த செயலியைத் திறந்தேன்.
ஒரு மணிக்கு என் துணி, பெரிய மேடு.
பன்னிரண்டுக்குத் தொட்டி.
அதற்கு முன்னால் பதினொன்று நாற்பதுக்கு
விற்பனைக் கோட்டில் ஒரு பள்ளம்,
பல் விழுந்த இடம் போல.
நாலு நிமிடம்.

நாலு நிமிடம் கொதிப்பது
இந்த வீட்டில் ஒன்றுதான்.

முந்தின நாளிலும் இருந்தது. அதற்கு முந்தின நாளிலும்.
பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன்,
ஜூன் மூன்று வரை.
சனி, ஞாயிறில் இல்லை.
மூடுபனி விலகாத நாட்களில் இல்லை.
ஹீட்டர் ஒரு நாளும் இல்லை.
யாரோ ஒருவர் குளிரில் உட்கார்ந்து
கூரைக்கு வெயில் வரும்வரை காத்திருந்து
இலவசமாக ஒரு தேநீர் போட்டுக் குடித்திருக்கிறார்.

விடிகாலை ஐந்தரைக்கு
சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்புகிறவன்.
நாலரைக்கு வந்து பூட்ஸைக் கழற்றுகிறவன்.
யோசித்துப் பார்த்தேன்:
சில வாரங்களாக
இறங்கும்போது அவன் கண்ணைச் சுருக்குவதில்லை.

கொட்டகைக்குப் போன் செய்யவில்லை.
வங்கிக் கணக்கையும் திறக்கவில்லை.
இரவு சூப் ஊற்றும்போது கேட்டான்,
"பில் வந்ததா? எவ்வளவு?"
தொகையைச் சொன்னேன்.
தலையாட்டினான்,
தன் பங்கைக் கழித்துப் பார்க்கிறவன் போல.

"நாளைக்கு மூடுபனியாம்," என்றேன்.
"இருக்கட்டும். கெட்டிலைப் போட்டுக்கொள்.
ஹீட்டரையும்."

கரண்டி அவன் கையில் அப்படியே நின்றது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி ஓடத் தொடங்கியது,
இரவு விலையில்.