முள் பூஜ்யத்தில் நிற்கிறது

வியாசர்பாடி எஸ்டேட்டில்
எங்கள் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
'ஸ்பிரிங் கம்பெனி' என்றால்
ஆட்டோக்காரர் இறக்கிவிடுவார்.

என் மேசைக்கு வருகிறவை எல்லாம்
ஏதோ ஒன்றைத் தாங்கப் போகிறவை,
இல்லையென்றால் திருப்பி அனுப்பப் போகிறவை.
அமுக்கினால் எதிர்க்கும் ஒரு ரகம்.
இரண்டு முனையிலும் கொக்கி வைத்துக்கொண்டு
இழுத்தால் பின்வாங்கும் இன்னொன்று.
துணிக் கிளிப்புக்குள் முறுக்கிக்கொண்டு கிடப்பது
ஆளைப் பார்த்தால் சின்னது:
ஒருமுறை தெறித்து
ஜெசிந்தாவின் புருவத்தைக் கிழித்தது.

கமான் பட்டை நாங்கள் செய்வதில்லை,
அது மாதவரத்துக்காரர்கள் பாடு.
ஆனாலும் ராத்திரி கன்டெய்னர் லாரி
பள்ளத்தில் இறங்கி ஏறும்போது
தகடு தகடோடு உரசி முனகுவது
எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.
எடையை ஒற்றையாளாகச் சுமக்காதவர்களின் சத்தம்.

கம்பிக்குக் கம்பி குணம் வேறு.
பியானோ கம்பி என்று ஒன்று
(பியானோவை நான் பார்த்ததில்லை)
வெள்ளி மாதிரி வரும்,
மழைக்காற்று பட்டால் மறுநாளே சிவந்துவிடும்.
துருப்பிடிக்காத எஃகு கொஞ்சம் மெத்தனம்,
ஆனால் கடலோடு குடித்தனம் நடத்தும்.
சுவிட்சுக்குள் போகிற வெண்கலம்
கரண்டையும் சேர்த்துச் சுமக்கும்.
குரோம் வனேடியம் சூட்டுக்கு அஞ்சாது,
பாய்லர் வால்வுக்கு என்று கேட்டு வாங்குவார்கள்.

எதுவானாலும் என் கேள்வி ஒன்றுதான்:
மூன்று தரம் ஒட்ட அமுக்கி விட்ட பிறகு
பழைய உயரத்துக்கு வந்தாயா?
வராதது சிவப்பு டப்பாவுக்கு.

புதன்கிழமை மத்தியானம்
ஏகவல்லி வந்தாள், காசிமேட்டிலிருந்து.
வயர்கூடையில் ஒரு தொங்கு தராசு.
"எலக்ட்ரானிக் தராசு உப்புக்காத்துல
ரெண்டு மாசம் நிக்கல.
இது பன்னெண்டு வருசமா உழைக்குது.
கொக்கிதான் வளைஞ்சு போச்சு, மாத்திக் குடு தங்கச்சி."

மாற்றினேன். கை சும்மா இருக்கவில்லை.
முள் பூஜ்யத்தில் நேராக நின்றது.
ஒரு கிலோ படிக்கல்லை மாட்டினேன்.
ஆயிரத்து நூற்றுப்பத்து.
கழற்றி மாட்டினேன்.
ஆயிரத்து நூற்றுப்பத்து.

கூட்டைத் திறந்தால்
உப்பு தின்று கம்பி இளைத்திருந்தது.
இரண்டு மில்லிமீட்டரில்
ஒரு தலைமயிர்த் தடிமன்கூடக் குறையவில்லை.
அதற்கே இவ்வளவு.
ஒரு கிலோவுக்கு நீள வேண்டியது
தொள்ளாயிரம் கிராமுக்கே நீண்டுவிடுகிறது.
சும்மா தொங்கும்போது பொய்யில்லை.
பாரம் ஏற ஏறத்தான்.

"அப்ப நான் கம்மியாப் போட்டேனா?"
"ஆமாக்கா."
"எத்தினி நாளா?"
"கம்பி தேதி போட்டு வைக்காதுக்கா."

சிவப்பு டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
விரலை மடக்கினாள். பணத்தை எண்ணவில்லை, ஆட்களை.
"டயாலிசிஸ்காரர் சம்சாரம், வாரம் அரைக்கிலோ நெத்திலி.
கல்மண்டபத்து டீச்சர்.
அந்த ரெட்டைப்புள்ளக்காரி, கடன் சொல்லாதவ.
போலீஸ்காரர் ஒருத்தர் வருவாரு,
அது போவட்டும்."

துருப்பிடிக்காத கம்பியில் புதிதாகச் சுற்றினேன்.
சுற்றிய உடனே மாட்டக் கூடாது;
வளைத்த வலி உள்ளேயே இருக்கும்.
அரைமணி அடுப்பில் வைத்து ஆறவிட்டேன்.
அவள் டீ வேண்டாம் என்றாள்.
படிக்கல் ஏறியது. ஆயிரம்.
இன்னொரு தரம் பார் என்றாள். ஆயிரம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா வாங்கப் போனேன்.
முன்னால் நின்ற அம்மாவுக்கு
முள் கிலோவைத் தொட்ட பிறகும்
ஒரு கை நெத்திலி அள்ளிப் போட்டாள்.
"எதுக்கு இது?"
"பழைய பாக்கி. புடி."

பழைய ஸ்பிரிங்கைக் குடைக்காம்பில் மாட்டி
பிளாஸ்டிக் பை தொங்கவிட்டிருந்தாள்.
காற்றுக்கு ஆடியது.

எனக்கு ஒரு கைப்பிடியும் கிடைக்கவில்லை.
"நீ போன வருசம் பூரா
எதிர்க்கடையிலதான வாங்கின" என்றாள்,
முள்ளைப் பார்த்துக்கொண்டே.