நூறு வரை

ரசீதில் இருக்கிறது, எறும்பு எழுத்தில்:
நூறு எம்பிபிஎஸ் வரை.
நூறை மட்டும் படித்துவிட்டு
ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியவள் நான்.

குகையில் எங்கள் சந்தில் இரவு ஒன்பதுக்கு
வேகமுள் பதினொன்றைத் தொட்டுப்பார்த்து
ஏழில் வந்து உட்காரும்.
எனக்கோ அப்போதுதான் வேலை.
கடல் தாண்டி யாருக்கோ எலும்பு முறிந்திருக்கும்,
அதற்கு நான் குறியீட்டு எண் போட வேண்டும்.
டாக்டர் எழுதிய தாள் மேலிருந்து கீழே
வரிவரியாக இறங்கும்.
பெயர் வந்துவிட்டது. வயது வந்துவிட்டது.
மாடிப்படியில் வழுக்கி விழுந்தாராம், சரி.
எந்தக் கால் என்பது மட்டும்
இன்னும் வரவில்லை.

புகார் எண்ணில் ஒரு பெண் திருத்தினாள்:
"நூறு இல்ல மேடம், நூறு வரை."
வரை என்றால் மலை என்று
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது
அப்போது பார்த்து ஞாபகம் வந்தது.
மொட்டை மாடிக்குப் போனேன்.
வடக்கே சேர்வராயன், இடுப்புக்கு மேல் மேகம்.
பணம் கட்டியது உச்சிக்கு.
கிடைத்தது அடிவாரம்.

மாதேஷ் ஏணியோடு வந்தான்.
"நாங்க விக்கிறது பிட்டுக்கா, நீங்க பாக்கிறது பைட்டு.
எட்டால வகுக்கணும்."
ஆழாக்கில் விலை பேசிவிட்டுப்
படியில் அளக்கச் சொல்கிறாயா தம்பி?
நூறு ஆழாக்கு பன்னிரண்டரைப் படி,
அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.
ஆனால் இந்த முள்ளே ஆழாக்கில்தான் காட்டுகிறது, பார்.
பார்த்தான். தலையைச் சொறிந்தான்.
பிறகு பீரோவைப் பார்த்தான்.
அதன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது ரூட்டர்.
"சேலத்து இரும்புக்கா. இதத் தாண்டி
எந்த அலை வரும்?"
ஜன்னலோரம் மாற்றி வைத்தோம். முப்பத்தாறு.
அன்று பகல் முழுக்க நான் பணக்காரி.
இரவு ஒன்பதுக்கு ஒன்பது.

மறுநாள்தான் கம்பத்தைக் காட்டினான்.
கறுப்புப் பெட்டி, உள்ளே போவது ஓர் இழை,
வெளியே வருவது முப்பத்திரண்டு.
"எல்லாருக்கும் நூறுன்னு சொல்லிருக்கோம்.
எல்லாரும் ஒரே நேரத்துல
உக்கார மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கதான்."
உட்காருகிறார்களே.
தஸ்தகீர் வீட்டுப் பையன் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான்.
ரெஜினா டீச்சர் விட்டுப்போன நாடகத்தை
முதல் நாளிலிருந்து பார்க்கிறார்.
மாடியில் புதிதாய்க் குடிவந்தவர்கள்
பெங்களூரில் இருக்கும் அண்ணனோடு
முகம் பார்த்துச் சொத்துச் சண்டை.
ஏணியை மடித்தபடி அவன் சொன்னான்:
"புதன்கிழம மட்டும் கூப்பிடாதீங்க.
வண்டி வேடிக்கைல வேஷம் கட்டறேன்."
என்ன வேஷம் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

ஆடிப் புதன். சந்து முழுக்கப் பூட்டு.
மேளம் தூரத்தில் எங்கோ திரும்புகிறது.
தொண்ணூற்று நான்கு!
நம்பாமல் மறுபடி அழுத்தினேன், தொண்ணூற்று ஆறு.
தாள்கள் கேட்குமுன்பே வந்து விழுந்தன,
இடது கால், வலது மணிக்கட்டு, ஒரு காறை எலும்பு.
பத்தரைக்குள் வேலை முடிந்தது.
அதற்குப் பிறகு இத்தனை வேகத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
வீடியோவில் யாரைக் கூப்பிட? எல்லோரும் தேர்வண்டிக்குக் கீழே.
சும்மா அழுத்திக்கொண்டே இருந்தேன்.
தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று ஐந்து.
முப்பத்தொரு காலி வீடு.

பதினொன்றே காலுக்கு எழுபது.
செருப்புச் சத்தம் கேட்குமுன்பே
முள்ளில் தெரிந்துவிட்டது, டீச்சர் வந்தாச்சு.
நாற்பத்தொன்று. பையன்.
மாடி விளக்கு, இருபது.
எல்லோரும் ஒரே நேரத்தில்
எடுத்த படங்களை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள் போல.
ஏழு.

டீச்சரிடமிருந்து எனக்கும் ஒன்று:
"நம்ம கேபிள் தம்பி என்ன வேஷம்னு பாரு!"
திறந்து வைத்திருக்கிறேன்.
மேலிருந்து கீழே இறங்குகிறது.
கிரீடம் வந்துவிட்டது.
நெற்றி பாதி.