வலப்பக்க நாலு

மூஸ் ஜாவில் மைனஸ் முப்பது.
ஐடிலில் விட்டால் அந்த வி-எட்டு
குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறுகிறது.
கார்புரேட்டரைத் திட்டியாயிற்று.
பிளக் மூன்று முறை மாற்றியாயிற்று.

கடைசியில்தான் கம்ப்ரஷன் கேஜ்:
இடப்பக்கம் நாலும் நூற்றறுபத்தைந்து,
வலப்பக்கம் நாலும் நூற்று நாற்பது.
ஒன்று குறைந்தால் வால்வு என்போம்.
நாலும் சொல்லிவைத்தாற்போல் குறைந்தால்?

கவரைக் கழற்றிக்
கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள் வெர்னா.
எண்ணெய்க் கரிக்கடியில் வார்ப்பு எண்கள்.
முதல் ஐந்து இலக்கம் ஒன்றேதான்.
கடைசி இரண்டில்
ஒரு ஹெட் காருக்கு,
ஒன்று லாரிக்கு.

"எந்த மடையன் பூட்டினான் இதை?"

டார்க் ரெஞ்சைத் துடைத்தேன்,
ஏற்கெனவே சுத்தமாயிருந்ததை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ராத்திரி,
கவனமாக,
வரிசை பிசகாமல்,
போல்ட்டுக்கு அறுபத்தைந்து பவுண்டு.

ஒன்றுகூட
இன்னும் தளரவில்லை.