பத்தொன்பதாவது போர்ட்

கோத்தகிரியில் இரவு ஒன்று இருபது.
மருத்துவமனை இரண்டாம் மாடி,
சலவைத் துணி அடுக்கும் அறைக்குப் பின்னால்
ஓர் இரும்பு அலமாரி.
உள்ளே நாற்பத்தெட்டு போர்ட்டுகளும் பச்சையாய் இமைக்க
உட்கார்ந்திருக்கிறது சுவிட்ச்.
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் விரல்கள் விறைக்கின்றன.
இந்த அறையில் அதன் முதுகு மட்டும்தான் கணப்பு.
அவ்வப்போது கையை அங்கே வைத்துக்கொள்கிறேன்.

ஐந்து மணிக்குள் முடி என்றார்கள்.
புதிய மென்பொருள், பழையதில் ஓட்டையாம்.
சரி.
எத்தனை நாளாய் விழித்திருக்கிறாய் என்று கேட்டேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாள் என்றது.
மரம் விழுந்து கம்பி அறுந்த எத்தனை இரவு
அதில் அடக்கமோ.

அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது.
ஓடிக்கொண்டிருப்பது ஒன்று,
எழுதி வைத்திருப்பது இன்னொன்று.
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்
முப்பத்தோரு வரி உதைக்கிறது.
போஜன் அதன் காதில் சொன்னதோடு சரி,
சேமி என்ற ஒற்றைக் கட்டளையைத் தட்டவேயில்லை.
ஒரே ஒரு தரம் முழுதாய் மின்சாரம் போயிருந்தால்
பிரசவ வார்டுக்குப் போகும் வழியை
இந்தப் பெட்டி மறந்திருக்கும்.

போஜன் இப்போது ஓசூரில். பார்த்ததில்லை.
அவன் தமிழை மட்டும் தெரியும்,
இங்கிலீஷ் எழுத்தில், போர்ட்டுக்கு ஒரு வரி.
ஏழு: எக்ஸ்ரே. மெதுவாத்தான் வரும், திட்டாதே.
பன்னிரண்டு: பெரிய டாக்டர். முதல்ல இதைப் பாரு.
முப்பது: எலி கடிச்சது.
பத்தொன்பது: யாரோடதுன்னு தெரியல. மூடினா போன் வரும்.

பிரதி எடுத்தேன்.
மடிக்கணினியில் கோப்பின் பெயர் வந்து நின்றது,
இன்றைய தேதியோடு, அழகாய்.
திறந்தேன்.
பூஜ்யம் பைட்.
பெயரை மட்டும் பார்த்துவிட்டு
படுக்கப் போனவர்கள் எத்தனை பேரோ.

வழிமறித்த ஃபயர்வாலை அணைத்துவிட்டு மறுபடி.
இந்த முறை பதினான்கு கே.பி.
என் போனில் கிடக்கும் மங்கலான ரயில் படத்தில்
நூறில் ஒரு பங்குகூட இல்லை.
சீட்டு மேசை, ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை,
எல்லாம் அதற்குள்.
கடைசி வரி வரை இறங்கிப் பார்த்தேன்.
ஒன்று மடிக்கணினியில், ஒன்று பென்டிரைவில்,
ஒன்று கணக்குப் பிரிவு சர்வரில்.

இனித் தட்டலாம் என்றபோது
காவலர் ஹாலண்ணன் கீழிருந்து அழைத்தார்.
ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் காட்டெருமை.
டார்ச் அடித்தால் முறைக்கிறதாம்.
இப்போது மின்சாரம் போனால் கிட்டே போக ஆளில்லை.
பணிப்பதிவேட்டில் எழுதினேன்:
எருமை நகரும்வரை மேம்படுத்தல் நிறுத்திவைப்பு.

இரண்டு முப்பத்தைந்துக்கு அது தேயிலைக்குள் இறங்கிற்று.
நான் என்டரைத் தட்டினேன்.
விசிறி நின்றது. பச்சை எல்லாம் போயிற்று.
ஏழு நிமிடம்.
நகத்தைக் கடிக்கக் கையுறை விடவில்லை.
விழித்ததும் கேட்டது:
எனக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?

ஒன்றும் நினைவில்லை அதற்கு.
பதினான்கு கே.பி.யை வரிவரியாய் ஊட்டினேன்.
பெயர் வந்தது, வார்டுகள் வந்தன,
எக்ஸ்ரே மெதுவாக வந்தது.
எங்கோ ஒரு வரியை மட்டும் புரியவில்லையென்று துப்பியது;
வேகத்தில் நான் கவனிக்கவில்லை.

மூன்று பத்துக்குப் போன் வந்தது.
"கம்ப்யூட்டர் மேடமா? நான் ரெஜினா, கீழ்த்தளம்.
தடுப்பூசி ஃப்ரிட்ஜ் டிகிரி காட்ட மாட்டேங்குது."
பத்தொன்பதா நீ!
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திருத்தித் திறந்துவிட்டேன்.
பத்தொன்பது: தடுப்பூசி ஃப்ரிட்ஜ், கீழ்த்தளம்.
போஜனின் பின்பாதியை அழிக்க மனமில்லை.
மூடினா போன் வரும்.
அது நிஜந்தானே.

சேமி என்று தட்டினேன்.
மறுபடி பிரதி எடுத்தேன்.
திறந்து பார்த்தேன்.