நடுச் சீற்

எங்கள் கார் மூத்தவளைவிட ஒரு வயது இளையது.
லீசிங் கட்டி முடித்த மாதமே
இடதுபக்கக் கண்ணாடி தானாய்க் கீழே வழுக்கத் தொடங்கிற்று.
மடித்துச் செருகிய ஒரு விசிட்டிங் கார்ட்தான்
இன்றுவரை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பின் சீற்றின் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.
வலது ஜன்னல் யதுர்ஷாவுக்கு.
இடது ஜன்னல், சத்தி எடுப்பதால், நிருத்தனாவுக்கு.
நடுவில் கபிஷன்,
பிந்திப் பிறந்த ஒரே குற்றத்துக்காக.

ஏப்ரல் லீவென்றால் விடிய நாலரைக்கு
ஹம்டன் ஒழுங்கை முழுக்க எங்கள் சத்தம்.
மூன்றாம் மாடிக்கு இரண்டு தரம் ஏறி இறங்குவார் இவர்:
ஒன்று புட்டுப் பெட்டிக்கு,
மற்றது காஸைப் பூட்டினேனா என்ற என் சந்தேகத்துக்கு.
கடுகண்ணாவ வளைவில் முதல் பை நிறையும்.
ரம்பொடையில் இரண்டாவது.
"இன்னும் எத்தினை வளைவு?"
"இதுதான் கடைசி" என்போம், பதினொரு தரம்.

மற்ற நாட்களில் கார் என்றால் ரியூசன்.
பம்பலப்பிட்டியில் ஒருத்தியை இறக்கி
தெஹிவளையில் மற்றவளை ஏற்றி
இடையில் இவனுக்குச் சப்பாத்து மாற்றி,
சொதி ஊற்றிய இடியப்பத்தைச்
சிவப்பு விளக்கில் மட்டுமே ஊட்டலாம்
என்பதை நான் காலி வீதியில்தான் கற்றேன்.

பெற்றோல் இல்லாத வருசம்
நாங்கள் போன மிக நீண்ட பயணம்
எழுநூறு மீற்றர்.
இரண்டு இரவு, ஒரு பகல்.
பின்னால் நின்ற ஓட்டோக்காரர் சிசிர
எங்கள் பொனற்றின் மேல் சீட்டுக்கட்டை விரித்து
மூன்று பேருக்கும் முந்நூற்றிநாலு பழக்கினார்.
அந்தத் தவணை நிருத்தனாவுக்குச் சிங்களத்தில் எண்பத்திரண்டு.
ரீச்சர் காரணம் கேட்டா.
தாயக்கட்டை, ஏரோப்பிளேன், என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாளாம்;
சூதென்று சொல்லப் பயம்.

அதற்கு முந்திய ஒரு பயணம்.
இவருடைய கம்பெனி மூடி மூன்றாம் கிழமை;
அறைக்குக் கட்டிய காசு திரும்ப வராது என்பதால் போனோம்.
ஹற்றன் தாண்டி, மழைக்குள்,
கபிஷன் கேட்டான்:
"அப்பா ஏன் அழுறார்?"
பக்கத்தில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன்.
இவர் நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.
"தூசு" என்றேன்.
மழையில் என்ன தூசு என்று
ஏழு வயதுக்காரன் கேட்கவில்லை.

போன கிழமை யதுர்ஷாவுக்கு லைசன்ஸ் வந்தது.
இன்று காலிக்குப் போகிறோம், அவள் ஓட்ட.
அதிவேகப் பாதை வேண்டாம், இந்தக் காருக்கு அவ்வளவு ரோஷம் ஆகாது.
இவர் முன்னால், மேற்பார்வை.
இல்லாத பிறேக்கை மொறட்டுவையிலிருந்து மிதித்து மிதித்து
காலடி மெற்றைச் சுருட்டிவிட்டார்.
வலது ஜன்னல் வாரிசுரிமையாய்க் கபிஷனுக்கு இறங்கிற்று.
நிருத்தனா தன் விசிட்டிங் கார்ட்டை விட்டு அசையமாட்டாள்.
மிஞ்சியது எனக்கு.

கால் வைக்க இடமில்லை.
ஏசிக் காற்று இங்கே வருவதேயில்லை.
பெல்ற்றைத் தேடினேன்;
"நடுவுக்குப் பெல்ற் இல்லை அம்மா, எப்பவும் இல்லை"
என்றான், ஜன்னலைப் பார்த்தபடி.

பிறகு தலையை நிமிர்த்தினேன்.
முன் கண்ணாடி நேரே என்னைப் பார்த்தது:
ஓட்டுகிறவரின் இரண்டு கண்,
புருவத்தோடு, ஒன்றும் மறையாமல்.
இங்கே இருந்தால் மட்டும் தெரிகிற காட்சி.
பத்து வருசம் இதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்,
எங்களுக்குச் சொல்லாமல்.

பாணந்துறைப் பாலத்தில் யதுர்ஷா கடலைப் பார்த்தாள்.
வாதுவையில் மறுபடி, றோட்டில் கண் இருக்கவேண்டிய நேரம்.
இமை வேகமாய் அடிக்கிறது.
"கியர், கியர்" என்கிறார் இவர்.
அவருக்குத் தெரியாது; பக்கத்துச் சீற்றிலிருந்து ஒன்றும் தெரியாது.

என்னவோ இருக்கிறது பிள்ளைக்கு.
களுத்துறையில், பாலம் கடந்ததும்,
போதிக்குச் சில்லறை போட எல்லா வண்டியும் நிற்கும்.
பேர்ஸிலிருந்து இரண்டு பத்து ரூபாக் குற்றியை
இப்போதே எடுத்துக் கைக்குள் வைத்திருக்கிறேன்.
அவளோடு நானும் இறங்குவேன்.