இடைவேளைக்குப் பிறகு

முதல் பாகம் பார்த்தபோது அப்பா இருந்தார்.
கேனுக்கு இவ்வளவு, கள்ளுக்கடைக்கு இவ்வளவு என்று
இருட்டிலும் விரல் மடக்கி ஸ்பிரிட் கணக்கு.

இன்று கொழிஞ்சாம்பாறைக் கொட்டகையில்
மருதாசலம் அண்ணனுக்கும் சுவருக்கும் நடுவில் நான்.
திரையில் ஒருவன்
சாப்பாட்டு மேசையிலிருந்து
ஒரு நாற்காலியை எடுத்துவிடச் சொல்கிறான்.
யாருடையதென்று யாரும் கேட்கவில்லை.

போன வியாழன்
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டி மாட்டியது.
எந்த வண்டி, எத்தனை மணிக்கு
என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்.
ஒருவன் வண்டியோடு உள்ளே.

இடைவேளையில் அண்ணன்
பழம்பொரி வாங்கிவந்து என் மடியில் வைத்தான்.
"எனக்கு வேலை கெடக்குது.
நீ கடைசிவரைக்கும் பாத்துட்டு வா."

விளக்கணைந்த பின்
பின்வரிசையில் இருவர் வந்து உட்கார்ந்தார்கள்.
பாதிப் படத்துக்கு
யார் டிக்கெட் எடுப்பார்கள்?

காகிதம் தாண்டி
எண்ணெய் என் வேட்டியில் இறங்குகிறது,
சூடாக.