குப்பி எண் பதினேழு

சடையங்குப்பம் தாண்டிக்
கால்வாய் வளைகிற இடத்தில்
கைவிட்ட பம்பு ரூம் ஒன்று.
கதவில்லை. உள்ளே சேற்றுக்குழி.
அன்றைக்குப் பதினாறு குப்பிகள் நிரம்பியிருந்தன,
பதினாறோடு கிளம்பியிருக்கலாம்.
வேனிலிருந்து ரஹமத்துல்லா ஹாரன் அடித்தார்,
இரண்டு முறை.

ஜெயசீலி நகரவில்லை.
"முட்டை அழுகின நாத்தம் வந்துச்சே,
இப்ப காணோமே, ஏன்?"
அந்த ஏனுக்குத்தான்
எங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம்.

அந்த வாயுவைப் பற்றி நானும் வகுப்பெடுப்பேன்,
அவள் இன்னும் நன்றாக எடுப்பாள்.
கொஞ்சமிருந்தால் மூக்கு அலறும்,
கூடிப்போனால் முதலில் சாவது மூக்குதான்.
நாற்றம் நின்றால் ஓடு
என்று போர்டில் எழுதி
அடியில் இரண்டு கோடு போடுவாள்.
கோடு போட்ட அதே கையால்
குழியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள்.
மீட்டர் வேனில்
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

இதே ஊரில்
இதே வாயுவுக்குள்
கூலிக்கு இறக்கப்பட்டவர்கள் உண்டு.
அவர்களில் ஒருவரும்
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க
ஆசைப்பட்டு இறங்கியதில்லை.

அறிக்கையில் நான் எழுதாத ஒன்று:
வா என்று அவளைக் கூப்பிடவில்லை நான்.
"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.
கேட்டுக்கொண்டே
இரண்டடி முன்னால் வைத்தேன்.

என்னைத் தள்ளிவிட்டுப் போனது ரஹமத்துல்லா.
கன்னம் உப்ப மூச்சை அடக்கி
அவள் தோள்பையின் வாரைப் பிடித்து
வலை இழுப்பதுபோல் வெளியே இழுத்துப்போட்டார்.
எங்கே கற்றார், எந்தக் குழியின் அருகே,
யாரை இழுத்து, யாரை இழுக்க முடியாமல்?
நான் இன்றுவரை கேட்டதில்லை.
எல்லாவற்றையும் கேட்கிறவன் நான்.

ஸ்டான்லியில் ஆறு நாள்.
திரும்பி வந்துவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள்,
காசிமேட்டில் குடியிருந்துகொண்டு
கருவாட்டு வாடை தெரியவில்லை என்கிறாள்.
சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.
அடுப்பில் பால் தீய்ந்தால் மட்டும்
பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மயங்கி விழுந்தபோதும்
குப்பி அவள் கையில் இருந்தது,
மூடி இறுகத் திருகியபடி.
வந்த முதல் நாளே அதற்கு லேபிள் ஒட்டினாள்.
எண்: பதினேழு.
நிறம்: கருப்பு.
வாசனை: இல்லை.
'இல்லை'க்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அழித்துவிட்டுத் திரும்பப் போட்டது.

பதினாறுக்கும் முடிவு வந்து
கோப்பும் மூடியாயிற்று.
அவள் போனபின் மாலைகளில்
குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.
பார்க்கத்தான்.
இன்று மூடிமேல் விரல் இருக்கிறது.

கீழே ரஹமத்துல்லா ஹாரன் அடிக்கிறார்.
ஒருமுறைதான் அடித்திருக்கிறார்.